துகாவா எங்கே? சர்வரைக் கேளுங்கள்!

அத்தியாயம் 3

"இந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை."

சனிக்கிழமை மாலை துகாவா மினே தன் கணவருக்கு அனுப்பிய மெயிலுக்கு வந்த பதில் இதுதான். மனிதர் எழுதிய பதில் அல்ல, மெஷின் எழுதியது. மகளின் பள்ளி விண்ணப்பத்தில் கையெழுத்துக்குப் பதிலாக எங்கே பெயர் முத்திரை குத்துவது என்று கேட்டு ஆபீஸ் முகவரிக்கு எழுதியிருந்தார். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திய மனிதர் இல்லவே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது அந்தச் சனியன்.

நகோயாவில் மனைவி, மகள். தொயாமாவில் வேலை, ஒற்றை அறை, கணவர். ஆறு வருஷமாக இப்படித்தான். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வீட்டுக்கு வருவார். இது வராத வாரம். மலையில் நிலம் அளப்பவர் என்பதால் போன் கிடைக்காமல் போவதும் வழக்கம்தான். அதனால் செவ்வாய்க்கிழமை மாலைவரை பொறுத்திருந்து, பிறகுதான் ஆபீசுக்கு அடித்திருக்கிறார். முதலாளி தெஷிமாவே போனை எடுத்தார்.

"லீவ்ல இருக்காரேம்மா! உங்ககூடத்தானே இருக்கார்?"

போலீசோ ஒரு படி மேலே போய்விட்டது. வயசு வந்த மனிதர், முறையாக லீவ் போட்டிருக்கிறார், இதில் காணாமல் போனது யார் என்று கேட்டார்களாம்.

புதன்கிழமை முதல் ரயிலைப் பிடித்து வந்து, இசோபே மேடத்தின் முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லி முடித்தார். அழவில்லை. கையிலிருந்த ரயில் டிக்கெட்டை மடித்து மடித்து, மடிக்க இடமில்லாமல் செய்திருந்தார்.

இசோபே மேடத்துக்கு ஐம்பத்தேழு வயசு. துப்பறியும் தொழிலுக்கு வருமுன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்தைந்து வருஷம் பொய்களைத் தரம் பிரித்தவர். நான் நிகாய்டோ. அதே இருபத்தைந்து வருஷம் டாக்சி ஓட்டி, இடுப்பு போய், இவரிடம் வந்து சேர்ந்தவன். கார் ஓட்டுவதும் வாயாடுவதும் என் வேலை. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது.

"கிளம்புய்யா," என்றார் மேடம். "இன்னிக்கு வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு வா."

*

தெஷிமா நில அளவை அலுவலகம் டிராம் பாதையோரம் ஒரு மாடிக் கட்டடம். ஆள் மொத்தம் எட்டு. வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டு உள்ளே போனதும் எதிர்ச் சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு டிவி. பழைய இடத்தில் எதையோ கழற்றிய நான்கு ஆணித் துளைகள் டிவியைச் சுற்றித் தெரிந்தன.

"வெள்ளைப் பலகை தொங்கின இடம்," என்று தெஷிமா பெருமையாகச் சொன்னார். அறுபது தாண்டிய, குரலில் எப்போதும் விழா எடுக்கிற மனிதர். "யார் எங்க போறாங்க, எப்ப வருவாங்கன்னு மார்க்கர்ல கிறுக்கிக்கிட்டு இருந்தோம். ஆளாளுக்கு ஒரு நோட்டு, ஆளாளுக்கு ஒரு மெயில் முகவரி. வெள்ளிக்கிழமையோட எல்லாத்துக்கும் முழுக்கு! இப்ப ஒரே சர்வர். எல்லார் மெயிலும் எல்லார் காலண்டரும் அதுக்குள்ள. என் ஆளு எங்க இருக்கான்னு நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"அப்ப எங்க இருக்கார்னு சொல்லுங்க," என்றார் மினே.

தெஷிமா டிவியை நோக்கிக் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து டீ வந்தது.

டீத் தட்டோடு வந்தவர் மகாபே அம்மா. இந்த ஆபீசில் முப்பது வருஷம். கணக்கு, தபால், பேனா ரீஃபில், யாருக்கு எந்தக் கோப்பை என்பதுவரை எல்லாம் அவர் கையில். முதலில் மினேவுக்கு, அடுத்து மேடத்துக்கு, அப்புறம் எனக்கு, பிறகு முதலாளி, மேனேஜர் என்று ஒரு கோப்பைகூட வரிசை மாறாமல் வைத்துக்கொண்டே போனார். நான் டாக்சி ஸ்டாண்டில்கூட இத்தனை ஒழுங்கான வரிசையைப் பார்த்ததில்லை.

"துகாவாவோட வீட்டம்மா. அவரைத் தேடி வந்திருக்காங்க," என்று தெஷிமா அவரிடம் அறிமுகம் செய்தார்.

மகாபே அம்மா எடுத்த கோப்பையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"தேடி... வந்திருக்காங்களா?"

"வீட்டுக்கு வரலையாம்."

தலை குனிந்து வணங்கிவிட்டு, மீதி டீயைக் கொடுக்காமலே அவர் உள்ளே போய்விட்டார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காதது போலப் பார்ப்பது அவருக்குக் கைவந்த கலை.

டிவியில் இடது பக்கம் எட்டுப் பெயர்கள். மேலே தேதிகள். துகாவா மசனோரி என்ற பெயருக்கு நேராகத் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பச்சைக் கட்டம். விடுப்பு, விடுப்பு, விடுப்பு.

"மேடம்," என்றேன், "காலண்டர்ல இருக்கிறவன் காணாமப் போக முடியாது போலிருக்கு."

"வாயை மூடச் சொன்னேன்ல?" என்றார் அவர். பிறகு விரலை நீட்டி, "வெள்ளிக்கிழமை ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டார்.

"அவன் இதுக்கு எதிரிங்க," தெஷிமா சலித்துக்கொண்டார். "பலகையே போதும்னு ஒத்தக் கால்ல நின்னவன். வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்கே சைட்டுக்குக் கிளம்பிட்டான்."

"எந்த சைட்டுக்கு?"

"காலண்டர்ல போட்டிருந்தா தெரியும்."

"நீங்க கேக்கலையா?"

"கேக்கக் கூடாதுன்னுதானேங்க சர்வர் வாங்கினது!"

பக்கத்தில் நின்ற ஒகினோ என்கிற இளநரை மனிதர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "அவர் கையில மட்டும் நாப்பது இடம் இருக்குங்க. எல்லாம் வேற வேற மலை. எதுன்னு சொல்றது?"

"ஆக, லீவு போடத் தெரிஞ்ச மனுஷனுக்கு வேலையைப் போடத் தெரியல," என்றார் மேடம். "எனக்குத் தெரிஞ்ச ஆம்பிளைங்க இதுக்கு நேர் எதிர்."

தெஷிமா மினேவின் பக்கம் பார்க்காமல் குரலைத் தாழ்த்தினார். "தனியா இருக்கிற ஆம்பிளை... ஆறு வருஷம்... வேற ஏதாவது பழக்கம் இருக்கலாம் இல்லையா? நான் தப்பாச் சொல்லல."

"தப்பாத்தான் சொல்றீங்க," என்றார் மினே. குரல் உயரவே இல்லை. "என் வீட்டுக்காரர் வாரம் ஒரு தடவை துணி துவைக்கவே எனக்கு போன் போட்டு எந்தப் பட்டன்னு கேப்பார். அவருக்கு எங்கிருந்து இன்னொருத்தி வருவா? அவர் உயிரோட இருக்காரா இல்லையான்னு தெரியாம நான் இங்க நிக்கறேன். நீங்க டிவி காட்டறீங்க."

எனக்கு அந்த முதலாளியின் டீயைப் பிடுங்கி அவர் தலையிலேயே ஊற்றலாம் போலிருந்தது.

"உயிரோடதாம்மா இருக்கார்!" தெஷிமா அவசரமாக ரிமோட்டை எடுத்தார். "ஆதாரம் இருக்கு. திங்கட்கிழமை காலைல எட்டு ஐம்பதுக்கு டிசம்பர் விருந்துக்கு எல்லாருக்கும் அழைப்பு அனுப்பினேன். சர்வர் வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு. வரேன், வரலைன்னு பட்டன் அழுத்தினா போதும். துகாவா அழுத்தியிருக்கான் பாருங்க. எட்டு ஐம்பத்தி நாலு. வரேன்!"

மினேவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஐந்து நாளில் அந்த மனுஷிக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"எல்லாரோட பதிலையும் காட்டுங்க. நேரத்தோட."

திரையில் பட்டியல் விரிந்தது. மேனேஜர் எட்டு ஐம்பத்திரண்டு. ஒகினோ எட்டு ஐம்பத்து மூன்று. துகாவா எட்டு ஐம்பத்து நான்கு. பிறகு நிமிஷத்துக்கு ஒருவராக மற்ற மூவர். கடைசியில் மகாபே அம்மா.

மேடம் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஒகினோவிடம் திரும்பினார். "நீங்க அழைப்பைப் பாத்ததும் அழுத்திட்டீங்களா?"

"இல்லீங்க. மேனேஜர் அழுத்தற வரைக்கும் காத்திருந்தேன். அவருக்கு முன்னாடி எப்படிங்க?"

"மத்தவங்க?"

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் அப்படித்தானாம். தனக்கு மேலே இருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் டிக் விழும்வரை மவுஸைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்களாம். யாரும் சொல்லித் தரவில்லை. விருந்தில் முதல் கோப்பையை யார் தூக்குவது என்று யார்தான் சொல்லித் தருகிறார்கள்?

"துகாவா உங்களுக்கு மேலயா, கீழயா?"

ஒகினோவின் முகம் சுருங்கியது. "அவர் என்னைவிடப் பதினோரு வருஷம் சீனியர். ஆனா... திங்கட்கிழமை காலைக் கூட்டத்துல முதலாளி எனக்குத் தலைமை அளவையாளர் பதவி குடுத்துட்டார். நானே எதிர்பாக்கல. அவருக்குத்தான் வரும்னு எல்லாரும் இருந்தோம்."

"கூட்டம் எத்தனை மணிக்கு?"

"எட்டரை."

"அதுக்கு முன்னாடி இந்தச் சேதி வெளிய போச்சா, சார்?"

"ஒகினோ காதுக்கே அப்பத்தாங்க போச்சு," என்றார் தெஷிமா. "எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல."

மேடம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். "மலைக்குப் போன மனுஷனுக்கு, வெள்ளிக்கிழமை கணக்குப்படி மேனேஜருக்கு அடுத்தது தான்தான். ஒகினோ அவருக்குக் கீழ. தானே அழுத்தியிருந்தா மேனேஜர் பேரைப் பாத்ததும் அழுத்தியிருப்பார். லீவுல இருக்கிறவர்னா சாவகாசமா சாயங்காலம் அழுத்தியிருப்பார். ஆனா இந்த விரல் ஒகினோவுக்காகக் காத்திருக்கு. இருபது நிமிஷத்துக்கு முன்னாடி இந்த நாலு சுவத்துக்குள்ள மட்டும் சொன்ன சேதி அந்த விரலுக்குத் தெரிஞ்சிருக்கு." எங்கள் பக்கம் திரும்பினார். "துகாவா சார் அழுத்தல. இந்த அறையில இருக்கிற யாரோ அவருக்காக அழுத்தியிருக்காங்க."

மினேவின் முகத்தில் ஐந்து நிமிஷம் முன்பு வந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. மேடம் செய்தது சரிதான், செய்தே ஆக வேண்டியதுதான். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு இந்தத் தொழிலே பிடிக்காமல் போனது.

"அவர் மேஜையைத் திற, நிகாய்டோ."

திறந்தேன். மேல் இழுப்பறையில் பென்சில், அளவு நாடா, வயிற்று மாத்திரை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளைக் கவர். 'துகாவா அவர்களுக்கு, புதிய பாஸ்வேர்ட், ரகசியம்' என்று அழகான கையெழுத்து. ஒட்டிய வாயின் மேல் குறுக்காகச் சிவப்பு முத்திரை, கொஞ்சம்கூட விலகாமல்.

"கவரைத் திறக்கவே இல்ல மேடம். இந்த மனுஷன் அந்த சர்வர் வாசப்படியைக்கூட மிதிக்கல."

மேடம் கவரைத் தெஷிமாவின் முன்னால் வைத்தார். "இதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கே தெரியாதுங்க. சர்வர் கம்பெனிக்காரன் பட்டியல் அனுப்பினான். அதைப் பிரிண்ட் எடுத்து, வெட்டி, கவர்ல போட்டு, ஒட்டி..." அவர் பேச்சு தேய்ந்தது. முத்திரையில் இருந்த பெயரை அப்போதுதான் படித்தார்.

மகாபே.

*

அவர் உள்ளே கழுவுதொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். மேடம் போய்க் குழாயை மூடினார்.

"பரவால்ல, சொல்லுங்கம்மா. நேரம் இல்ல."

"எனக்கு ஒண்ணும் கெட்ட எண்ணம் இல்லீங்க," என்றார் மகாபே அம்மா. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "சொல்லாம மூணு நாள் வராதவனுக்கு இங்க இடம் இல்லைன்னு முதலாளி சட்டம். போன வருஷம் ஒருத்தரை அப்படியே வீட்டுக்கு அனுப்பிட்டார். திங்கட்கிழமை துகாவா சார் வரல. போனும் எடுக்கல. பதவி கைவிட்டுப் போகுதுன்னு எப்படியோ மோப்பம் பிடிச்சு, கோவிச்சுக்கிட்டு நகோயாவுலயே தங்கிட்டார்னு நினைச்சேன். கோவம் ரெண்டு நாள்ல ஆறிடும், அதுவரைக்கும் வேலை போயிடக் கூடாதேன்னுதான் லீவு போட்டேன். அழைப்பு வந்தப்ப, அவர் ஒருத்தர் பேர் மட்டும் காலியா இருந்தா முதலாளி கண்ணுல உறுத்துமேன்னு அதையும் அழுத்திட்டேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் போட்டேன். காலைல எட்டு மணிக்கு." கழுவிய கோப்பையை மறுபடி எடுத்தார். "வீட்டம்மா வந்து நிக்கறாங்க. வீட்டுக்கே போகலையாம். அப்ப நான் என்ன பண்ணிட்டேன்?"

"அதை அப்புறம் பாப்போம். வெள்ளிக்கிழமை பலகை இருந்துதா?"

"மத்தியானம் வரைக்கும் இருந்தது."

"துகாவா சார் அதுல எழுதினாரா?"

"எழுதினார். எப்பவும் போல. 'குரோதானி, நேரே வீட்டுக்கு'ன்னு."

கதவருகில் நின்ற ஒகினோ வாய்விட்டு அலறியேவிட்டார். "குரோதானியா? அங்க பழைய வாய்க்கால் பக்கம் மண் சரியுதுன்னு தனியா யாரும் போகக் கூடாதே! எல்லைக்கல் மட்டும் ஒண்ணு பாக்கி இருந்தது."

"நேரே வீட்டுக்குன்னு இருந்துதுங்க," மகாபே அம்மா அதையே பிடித்துக்கொண்டார். "அப்படி எழுதினா ஆபீசுக்குத் திரும்ப மாட்டார், சைட்லேர்ந்து அப்படியே வீடுதான்னு அர்த்தம். யாரும் காத்திருக்க வேண்டாம், தேட வேண்டாம். முப்பது வருஷமா அதான் வழக்கம். நாங்க நகோயா வீடுன்னு நினைச்சிட்டோம்."

"பலகையில இருந்ததை ஏன் காலண்டர்ல ஏத்தல?"

மகாபே அம்மாவின் கண் ஒகினோவுக்குப் பின்னால் நின்ற முதலாளியிடம் போனது.

தெஷிமா மெல்லச் சொன்னார். "பலகையைக் கழட்டறப்ப எல்லாரும் நின்னு ஒரு போட்டோ எடுத்தோம். படத்துல பலகை பளிச்சுன்னு வெள்ளையா இருக்கணும்னு... நான்தான் துடைக்கச் சொன்னேன்."

இந்த முறை அவர் குரலில் விழா இல்லை.

*

மலையடிவாரத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போனது பதினொன்று பத்துக்கு. துகாவாவின் சின்ன கார் வாய்க்கால் பாதையின் முடிவில் நிற்கிறது என்று பன்னிரண்டரைக்குச் சொன்னார்கள். வண்டியில் ஆள் இல்லை. மேலே முதல் பனி விழுந்து இரண்டு நாள் ஆகிறது என்றும் சொன்னார்கள். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நானும் வாயைத் திறக்கவில்லை. யாரும் சாப்பிடவில்லை. ஒகினோ தானும் மலைக்குப் போகிறேன் என்று இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் மேனேஜர் இழுத்து உட்கார வைத்தார். தெஷிமா டிவியை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். மகாபே அம்மா தரையில் முழங்காலிட்டு, மினே எதிரில் தலையை வைத்து வணங்கினார். மினே எழுந்திரு என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அவர் கண் போனை விட்டு நகரவே இல்லை.

இரண்டு நாற்பதுக்கு மணி அடித்தது. மேடம் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ஆள் கிடைச்சிட்டார்," என்றது ஒரு மூச்சிரைக்கும் குரல். "உயிரோட இருக்கார். மண் சரிஞ்சு வாய்க்காலுக்குள்ள விழுந்திருக்கார். தொடையெலும்பு முறிஞ்சிருக்கு, உடம்பு ஜில்லுனு கிடக்கு. கசிவுத் தண்ணியைக் குடிச்சே ஓட்டியிருக்கார். பேசணும்கிறார். ஒரு நிமிஷம்தான் தருவேன்."

மினே இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க! நான்தான், மினே!"

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு, மனிதக் குரல் என்று சொல்ல முடியாத ஒரு குரல்.

"மினே... நீ எப்படி அங்க? ஆபீஸ்லயா இருக்க?"

"ஆமாங்க. பேசாதீங்க, களைச்சுப் போயிடுவீங்க."

"இல்ல, கேளு. வெள்ளி, சனி, ஞாயிறு... எனக்குப் பயமே இல்ல. திங்கட்கிழமை வரைக்கும் தாக்குப் பிடிச்சா போதும்னு இருந்தேன். எட்டரைக்குக் கூட்டம். மகாபே அம்மா தலையை எண்ணுவாங்க. ஒருத்தர் குறைஞ்சா அஞ்சு நிமிஷம் தாங்காது அவங்களுக்கு. அதனால திங்கட்கிழமை காலைலேர்ந்து கத்த ஆரம்பிச்சேன். வந்துக்கிட்டே இருப்பாங்க, சத்தம் கேக்கணும்ல? இருட்டற வரைக்கும் கத்தினேன்..." இருமல் வந்தது. அடங்க நேரமானது. "செவ்வாய்க்கிழமை குரல் போயிடுச்சு. மினே, நான் இல்லாததை அங்க ஒருத்தர்கூடக் கவனிக்கலையா?"

ஸ்பீக்கர் திறந்துதான் இருந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். மினே போனை மேஜை மேல் வைத்தார். என்ன சொல்வார் பாவம்.

மகாபே அம்மா முழங்காலிலேயே நகர்ந்து மேஜையருகே வந்தார். போனுக்கு நேராக வந்ததும் நெற்றியை மேஜை விளிம்பில் வைத்துக்கொண்டார்.

"கவனிச்சேன், துகாவா சார்," என்றார். "எல்லாருக்கும் முன்னாடி நான்தான் கவனிச்சேன்."